ஓ.பி. சீட்டில் ஒரு கேள்வி: நோய்க்கு எண் வந்த கதை

1/
"ஐ.சி.டி-11 வருது, கிளினிக்கை ரெடி பண்ணணும்"னா சாஃப்ட்வேர் மாத்துற வேலைன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. வாணியம்பாடி மாதிரி டேனரி ஊர்ல அந்த வேலை ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்கணும். அந்தக் கேள்விக்கு 300 வருஷத்துக்கு மேல வயசாச்சு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/
முதல்ல, ஐ.சி.டி.ன்னா என்ன? நோய்களின் சர்வதேச வகைப்பாடு. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீட்டு எண். டி.பி.ன்னு ஆம்பூர்ல எழுதினாலும் ஜப்பான்ல எழுதினாலும் ஒரே எண். இந்த எண்களைக் கூட்டித்தான் எந்த ஊர்ல எந்த நோய் அதிகம்னு அரசாங்கம் கணக்குப் போடுது.

3/
இந்தக் கணக்கு லண்டன்ல தொடங்குச்சு. அங்க வாராவாரம் சாவுப் பட்டியல் போடுவாங்க. 1662ல ஜான் கிராண்ட் என்ற துணி வியாபாரி அதையெல்லாம் சேர்த்து ஆராய்ந்து புத்தகம் போட்டார். அந்தப் பட்டியல்ல சாவுக்குக் காரணமா என்ன இருந்தது தெரியுமா? "பல்", "துக்கம்", "திடீர்னு". இதை வெச்சு எந்த நோயைத் தடுக்க முடியும்?

4/
1839ல வில்லியம் ஃபார் என்ற மருத்துவர், எல்லாரும் ஒரே பெயரை எழுதினாத்தான் கணக்குக்கு அர்த்தம்னு வாதாடினார். 1893ல பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுக்காரர் சிகாகோ மாநாட்டுல சாவுக் காரணங்களுக்கு ஒரு சர்வதேசப் பட்டியல் கொடுத்தார். 1948ல உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏத்துக்கிச்சு. ஆறாவது பதிப்பான அதுலதான் உயிரோட இருக்கிறவங்க நோய்களும் முறையா சேர்ந்தது.

5/
நம்ம பக்கம்? பழைய மதராஸ் மாகாணத்து கிராமங்கள்ல சாவைப் பதிவு பண்ணினது டாக்டர் இல்ல, கிராம முன்சீப். காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, காயம், மற்றவைன்னு சில வகைகள்தான். பெரிய எண்ணிக்கை "காய்ச்சல்"ல போய் விழும். மலேரியாவும் டைஃபாய்டும் அந்த ஒரே வார்த்தைக்குள்ள காணாமப் போச்சு.

6/
இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம். 1700ல இத்தாலியில ரமாட்சினி என்ற மருத்துவர், தொழிலாளர்களோட நோய்கள் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளிகிட்ட வழக்கமா கேட்கிறதோட இன்னொன்னும் கேளுங்கன்னார்: "நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" தோல் பதனிடுறவங்களைப் பத்தியும் அதுல எழுதியிருக்கார்.

7/
நம்ம ஊர்ல முன்னாடி ஆவாரம் பட்டை போட்டுத் தோல் பதனிடுவாங்க. 1970கள்ல அரைகுறையா பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்த பிறகு குரோம் முறை பரவுச்சு. கூடவே புது நோய்க் காரணங்களும் வந்தது. குரோம் உப்பு சிலருக்கு அலர்ஜி. சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் தோலை அரிக்கும்.

8/
கை முழுக்க அரிப்போட ஒருத்தர் வர்றார். நான் "தோல் அழற்சி"ன்னு மட்டும் எழுதினா, ஐ.சி.டி-10ல அது எல் 30.9, அதாவது காரணம் குறிப்பிடாதது. குரோம்தான் காரணம்னு கண்டுபிடிச்சு எழுதினா எல் 23.0, உலோகத்தால வந்த ஒவ்வாமை. கூட ஒய் 96 சேர்த்தா, வேலையால வந்ததுன்னு அர்த்தம். அதே கை, அதே களிம்பு. ஆனா முதல் எண்ணுல டேனரியே இல்ல.

9/
சட்டமும் இதைக் கேட்டிருக்கு. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூன்றாம் அட்டவணையில குரோம் புண்ணும் ஆந்த்ராக்ஸும் இருந்தது. அந்த நோய் இருக்குன்னு கருதினா, வைத்தியம் பார்க்கிற டாக்டர் தொழிற்சாலை தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்கணும்னு அந்தச் சட்டம் சொல்லிச்சு. வேலையையே கேட்காத டாக்டர் எதைத் தெரிவிப்பார்?

10/
1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்குல உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. டேனரி கழிவால 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாவோ பகுதியாவோ பாழாச்சுன்னு ஒரு ஆய்வு அதுல பேசப்படுது. நிலத்தை அளக்க ஹெக்டேர் இருந்தது. உடம்புல பட்ட பாதிப்பை அளக்க நம்மகிட்ட இருக்கிறது டாக்டர் எழுதுற நோய்ப் பெயர்தான்.

11/
இறப்புச் சான்றும் அப்படித்தான். "இதயம் நின்றது"ன்னு எழுதினா அது காரணமே இல்ல. எல்லார் சாவுலயும் இதயம் நிக்கும். கழிவுத் தொட்டியில ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தாக்கி இறந்தவருக்கு டி 59.6ன்னு தனி எண்ணே இருக்கு. அது எழுதப்பட்டாத்தான் அடுத்த ஆளைத் தொட்டிக்குள்ள இறக்கிறதைத் தடுக்கச் சொல்லிக் கேட்க முடியும்.

12/
ஐ.சி.டி-11 2019 மே மாசம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1ல நடைமுறைக்கு வந்தது. சுமார் 17,000 எண்கள். முக்கியமான மாற்றம், எண்களைக் கோத்து எழுதலாம். நோய் ஒரு எண், காரணமான பொருள் இன்னொரு எண், ரெண்டையும் சேர்த்து ஒரே பதிவு. ஆனா சீட்டுல காரணமே இல்லைன்னா கம்ப்யூட்டர் எதைக் கோக்கும்?

13/
அதனால சக டாக்டர்களுக்கு என் யோசனை:
• ஓ.பி. சீட்டுல "வேலை"க்கு ஒரு வரி ஒதுக்குங்க. "கூலி"ன்னு மட்டும் எழுத வேண்டாம். சுண்ணாம்புக் குழியா, குரோம் டிரம்மா, ஷூ பசையா?
• எத்தனை வருஷமா, லீவு நாள்ல குறையுதா?
• அடிக்கடி பார்க்கிற 50 நோய்களுக்கு மட்டும் பழைய எண், புது எண் ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி மேஜையில ஒட்டுங்க.

14/
"டேனரின்னு எழுதாதீங்க டாக்டர், வேலை போயிடும்"னு சொல்றவங்க உண்டு. அந்தப் பயம் நியாயமானது. என்ன எழுதுறோம், யார் பார்ப்பாங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டே எழுதணும். முதலாளிகிட்ட போற லீவு சர்டிஃபிகேட் வேற, நம்ம பதிவேடு வேற.

15/
படிக்கிற மத்தவங்களுக்கு: டாக்டர் கேட்கலைன்னாலும் என்ன வேலை பார்க்கிறீங்க, எதைக் கையால தொடுறீங்கன்னு நீங்களே சொல்லுங்க. வீட்ல யாராவது டேனரிக்கோ ஷூ கம்பெனிக்கோ போறாங்கன்னா இதை அவங்களுக்கு அனுப்புங்க.