காலணாவும் நகரப் பயணமும்: 1953 கொல்கத்தா டிராம் கட்டணப் போராட்டம்

முன்னுரை

நகரப் போக்குவரத்தின் வரலாறு பெரும்பாலும் வண்டிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. குதிரை இழுத்த காலம், மின்சாரம் இயக்கிய காலம், சுரங்கத்துள் ஓடிய காலம் என்னும் வரிசையில் பயணிக்கும் அவர் செலுத்திய கட்டணத்துக்கும் இடம் கிடைப்பதில்லை. கொல்கத்தா டிராமின் வரலாற்றை அதன் இரண்டாம் வகுப்புப் பயணியின் நிலையிலிருந்து நோக்கும்போது, நகரில் பயணம் செய்வது யாருடைய உரிமை என்னும் வினாவே அதன் மையமாக இருந்தமை புலப்படும்.

டிராமின் தோற்றமும் இரு வகுப்புகளும்

1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஹூக்ளி ஆற்றங்கரையின் ஆர்மீனியன் படித்துறை வரை குதிரை டிராம் ஓடத் தொடங்கியது. அம்முயற்சி அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. 1880இல் லண்டனில் பதிவுபெற்ற கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி இச்சேவைக்கு மறுவாழ்வு அளித்தது. 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடு - கிதிர்ப்பூர் தடத்தில் மின்சார டிராம் இயங்கியது. 1943இல் புதிய ஹவுரா பாலம் திறக்கப்பட்டபோது அதனை முதலில் கடந்த வண்டியும் டிராமே ஆகும்.

இவ்வண்டி இரு பெட்டிகளைக் கொண்டது. முன்பெட்டி முதல் வகுப்பு. பின்பெட்டி இரண்டாம் வகுப்பு. மின்விசிறி முன்பெட்டிக்கே உரியதாயிருந்தது. தண்டவாளமும் வேகமும் சேருமிடமும் ஒன்றாயிருந்தும் பயணிகள் வேறு வேறாகப் பிரிக்கப்பட்டனர். தொழிலாளரும் சிறு வருவாயினரும் நம்பியிருந்தது பின்பெட்டியையே.

காலணா எழுப்பிய வினா

1953 ஜூலையில் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியது. தசம நாணய முறை வந்தது 1957இல்தான். ஆகவே அன்றைய ஒரு பைசா என்பது ரூபாயில் 64இல் ஒரு பங்கு. தமிழ் வழக்கில் காலணா. தொகை சிறிதெனினும், நாள்தோறும் இருமுறை பயணம் செய்வோர்க்கு அது மாதந்தோறும் ஏறக்குறைய ஒரு ரூபாய்ச் சுமையாயிற்று. பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய ஏதிலியரால் நகரம் நிறைந்திருந்த காலம் அது.

இடதுசாரிக் கட்சிகள் இணைந்து எதிர்ப்புக் குழு அமைத்தன. பயணிகள் பழைய கட்டணத்தையே நீட்டினர். பின்னர் டிராமையே புறக்கணித்தனர். கடையடைப்பும் வண்டி எரிப்பும் தடியடியும் துப்பாக்கிச் சூடும் தொடர்ந்தன. ஜூலை 22 அன்று மைதானத்தில் செய்தியாளர்களும் காவலரால் தாக்கப்பட்டனர். மாத இறுதியில் கட்டண உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில்தான், 1895 முதல் ஓடிய சென்னை மின்சார டிராம் முடிவுற்றது. ஒரு நகரம் தன் டிராமை இழந்த மூன்றாம் மாதத்தில் மற்றொரு நகரம் டிராம் கட்டணத்தின் பொருட்டுத் தெருவில் இறங்கியது என்பது ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

போராட்டத்திற்குப் பின்

1967இல் மேற்கு வங்க அரசு கம்பெனியின் நிருவாகத்தை ஏற்றது. 1976இல் அதனை அரசுடைமையாக்கியது. குறைந்த கட்டணம் பயணியைக் காத்தது உண்மையே. எனினும் தண்டவாளத்தையும் வண்டியையும் புதுப்பிக்கும் செலவை யார் ஏற்பது என்னும் வினாவை அது தீர்க்கவில்லை. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடு - பவானிப்பூர் இடையே இந்தியாவின் முதல் மெட்ரோ ஓடியது. 2024 மார்ச்சில் மெட்ரோ ஹூக்ளி ஆற்றுக்கு அடியிலும் சென்றது. அவ்வாண்டு செப்டம்பரில், எஸ்பிளனேடு - மைதானம் தடத்தை மரபுச் சின்னமாக வைத்துக்கொண்டு ஏனைய டிராம் தடங்களைக் கைவிடப்போவதாக அரசு அறிவித்தது.

நிறைவாக

மரபுச் சின்னமாகப் பேணப்படுவது வண்டி. அவ்வண்டியைத் தம் உரிமையாகக் கருதிய பயணி அல்லர். 1953இல் காலணாவிற்காக எழுந்தோர் கேட்டது உல்லாச உலா அன்று. வேலைக்குச் சென்று திரும்பும் வழி. பழைய டிராமைக் காப்பதற்கும் புதிய மெட்ரோவைப் போற்றுவதற்கும் முன், அவற்றின் பயணச்சீட்டு எவர் கைக்கு எட்டும் என வினவுவதே நகர வரலாற்றாய்வின் முதற்கடமையாகும்.