வாசலில் கிடந்த சாட்சி

விக்டர் ஹ்யூகோ 1866-இல் வெளியிட்ட கடல் நாவலில் ஓர் ஆக்டோபஸ் வருகிறது. உறிஞ்சு குழிகளைப் பதித்து மனிதனை உயிரோடு குடித்துவிடுமாம்! ஐரோப்பா நடுங்கிப் போயிற்று. நம் மீனவர்களும் அதைப் பேய்க்கணவாய் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பெயருக்குப் பயந்து வலையை விட்டுவிட்டு ஓடுவதில்லை.

உண்மை வேறு. அந்தக் குழிகள் பிடிப்பதற்கு, குடிப்பதற்கு அல்ல. வாய், கைகளுக்கு நடுவே, கிளி மூக்கைப் போல இருக்கிறது. பிரைட்டன் நகரத்துக் கடற்பிராணிக் காட்சிசாலையில் பணி புரிந்த ஹென்றி லீ, 1875-இல் தனிப் புத்தகமே எழுதி ஹ்யூகோவை மறுத்தார். அங்கே ஒரு தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. பக்கத்துத் தொட்டி ஆக்டோபஸ் இரவில் சுவரேறிப் போய் விருந்துண்டு வந்ததென்று பிற்பாடு தெரிந்தது. திருட்டுத்தான், ஆனால் மனிதன் அதன் இலையில் இல்லை.

இதற்கெல்லாம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. நான்காம் நூற்றாண்டில், அரிஸ்டாட்டில் விஷயத்தை எழுதிவிட்டார். ஆக்டோபஸ் இரையை வளைக்குள் கொண்டுபோய்த் தின்றுவிட்டு, நண்டோட்டையும் சிப்பியையும் மீன்முள்ளையும் வெளியே எறிந்துவிடும் என்கிறார். கற்பனை என்ற என் தொழில்காரர் பெரிய பூதத்தைத் தேடினார். தத்துவஞானியோ வாசல் குப்பையைப் பார்த்தார். எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் குப்பையையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கனத்த சிப்பி கிடந்த இடத்திலேயே கிடக்கும். மெல்லிய நண்டோட்டை அலை கொண்டுபோய்விடும். கிடக்கிற ஓடுகளிலும் கூர்ந்து பார்க்க வேண்டும். சிலவற்றில் ஊசி முனையளவு துவாரம் இருக்கும். இழுத்துத் திறக்க முடியாத சிப்பியை ஆக்டோபஸ் துளைத்து, நச்சு உமிழ்நீரை உள்ளே செலுத்தித் தசையைத் தளரவைக்கிறது. அத்தனை பாடுபட்டுத் தின்பதால் அதற்குச் சிப்பிதான் பிரியம் என்று எண்ணிவிடலாமா?

கலிபோர்னியாக் கடலில் வாழும் இருபுள்ளி ஆக்டோபஸைப் பற்றி 1984-இல் ஓர் ஆய்வு வந்தது. தொட்டியில் பலவித இரைகளைப் போட்டபோது அது நண்டையே அதிகம் விரும்பிற்று. கடலிலோ நண்டு அரிது. ஆகவே அங்கே அதன் வளையருகே குவிந்து கிடந்தவற்றில் பெரும்பகுதி, எங்கும் மலிந்து கிடைக்கிற நத்தைகளின் ஓடுகள்.