பனி கொட்டும் நாளில் சுவிஸ் தொடருந்துகள்

2021 ஜனவரி 15ஆம் திகதி காலை சூரிச் நகரில் ட்ராம்களும் பேருந்துகளும் நிறுத்தப்பட்டன. இரவிரவாகக் கொட்டிய பனியின் பாரம் தாங்காமல் மரங்கள் முறிந்து, மின்கம்பிகளிலும் வீதிகளிலும் விழுந்து கிடந்தன. நிமிடம் பிசகாத நாடு என்று ஊருக்குத் தொலைபேசியில் பெருமை சொல்லும் நாங்கள், வருடத்தில் ஓரிரு தடவையாவது இப்படி ஒரு காலையைச் சந்திக்கிறோம். மலைநாடு, பனி புதிதல்ல. பிறகு ஏன் நிற்கிறது?

பெரும்பாலும் காரணம் மிகச் சிறியது. தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் அசையும் கம்பி ஒன்று உண்டு. ஜேர்மனில் அதை ‘வைஹ’ என்பார்கள். அந்தக் கம்பிக்கும் நிலையான தண்டவாளத்துக்கும் இடையில் ஒரு பிடி பனி இறுகினால் போதும், கம்பி முழுதாகப் பொருந்தாது. பொருந்தவில்லை என்ற தகவல் கட்டுப்பாட்டு நிலையத்துக்குப் போனதும் சமிக்ஞை சிவப்பிலேயே நின்றுவிடும். அது பழுது அல்ல, பாதுகாப்பு. அரைகுறையாகத் திரும்பிய பாதையில் வண்டி ஏறினால் தடம் புரளும். இதற்காகவே சுவிஸ் கூட்டாட்சித் தொடருந்து நிறுவனம் ஆயிரக்கணக்கான வைஹகளை மின்சாரத்தாலும் எரிவாயுவாலும் சூடாக்கி வைத்திருக்கிறது. ஆனால் ஓடும் வண்டியின் அடியில் உறைந்து தொங்கும் பனிக்கட்டி சரியாக அந்த இடத்தில் விழுந்தால், சூடு அதை உருக்கி முடிக்க நேரம் எடுக்கும். சிறிய கிராம நிலையத்தில் இப்படி நடந்தால் ஒரு வண்டி தாமதம். ஒல்ரன் போன்ற சந்தியில் நடந்தால் பாசல், பேர்ண், சூரிச், லுட்சேர்ன் நான்கு திசையும் குழம்பும். இணைப்பு வண்டிகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கும்படி அமைந்த நேர அட்டவணை இது; அதன் அழகே அன்றைக்கு அதன் பலவீனம்.

அடுத்தது மேலே போகும் மின்கம்பி. பிரதான பாதைகளில் அது 15,000 வோல்ட் சுமக்கிறது. இந்த நாட்டில் ஏறக்குறைய எல்லாத் தொடருந்துகளும் மின்சாரத்தில் ஓடுபவை. ஈரப்பனி ஏறிய கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் அந்தத் துண்டுப் பாதை முழுவதும் செத்துவிடும். இலை உதிராத காலத்தில் வரும் முதற்பனியும், தளிர் விட்ட பிறகு வரும் கடைசிப் பனியும்தான் மரங்களை அதிகம் முறிக்கின்றன. 2025 ஏப்ரல் 17, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய வியாழன், வலே மாநிலம் முடங்கியது அப்படித்தான். சேர்மாற்றுக்கு வீதியும் இல்லை, தொடருந்தும் இல்லை.

மலைப் பக்கத்தில் கதை வேறு. அங்கே பயம் பனிச்சரிவு. 1951 குளிர்காலத்தில் சுவிசில் 98 பேர் பனிச்சரிவுகளில் இறந்தார்கள். இன்று டாவோசில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் ஒவ்வொரு மாலையும் 5 மணிக்கு அபாய நிலையை 1 முதல் 5 வரை அறிவிக்கிறது. அபாயம் கூடினால் சரிவு விழ முன்னரே பாதையை மூடிவிடுகிறார்கள். 2018 ஜனவரி 9இல் சேர்மாற்றில் சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் அகப்பட்டுக்கொண்டபோது, ஹெலிகொப்ரர்தான் ஒரே வழியாக இருந்தது. அதே மாதம் 3ஆம் திகதி லெங்கில் புயற்காற்று தொடருந்துப் பெட்டி ஒன்றையே கவிழ்த்து எட்டுப் பேரைக் காயப்படுத்தியது.

பனிச்சரிவை எதிர்க்காமல் அதற்கு வழிவிடும் ஒரு பாலமும் உண்டு. பழைய பூர்க்கா மலைப்பாதையிலுள்ள ஸ்ரெஃபன்பாக் பாலம், 1925இல் கட்டப்பட்டது. இலையுதிர் காலத்தில் தொழிலாளர்கள் அதை மடித்துக் கரைகளில் ஒதுக்கிவிடுவார்கள். சரிவு வெறும் பள்ளத்தால் இறங்கிப் போகும். கோடையில் திரும்ப விரிப்பார்கள். இதனால் அந்தப் பாதை குளிர்காலத்தில் ஓடவே இல்லை. 1982இல் 15 கிலோமீற்றருக்கு மேல் நீளமான பூர்க்கா அடிச் சுரங்கம் திறந்த பிறகே அங்கே வருடம் முழுவதும் வண்டி ஓடுகிறது. யாழ்தேவி 1990இல் நின்று 2014 ஒக்டோபரில்தான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது என்பதை நினைக்கும்போது, எட்டு மாதப் பனிக்குப் பணிந்து போகும் இந்தப் பாலம் எனக்கு விசித்திரமாகவே படுகிறது.

இனி எங்கள் வீட்டுப் பிரச்சினை. காலை ஐந்து மணிக்கு உணவகச் சமையலறைக்கோ, வைத்தியசாலைக்கோ, துப்புரவு வேலைக்கோ போகிறவர்கள் எங்களில் ஏராளம். தொடருந்து நின்றால் சம்பளம் கிடைக்குமா? பலர் கிடைக்கும் என்றே நம்புகிறார்கள். சுவிஸ் சட்டப்படி வேலைக்கு வந்து சேர்வது தொழிலாளியின் பொறுப்பு. கடப்பாட்டுச் சட்டத்தின் 324அ பிரிவு நோய், விபத்து போன்ற சொந்தக் காரணங்களுக்கே சம்பளம் தருகிறது. எல்லோரையும் பாதிக்கும் பனிக்கு அல்ல. தவறு உங்களுடையதல்ல, ஆனால் இழந்த மணித்தியாலங்களுக்குப் பணம் கேட்கும் உரிமையும் பொதுவாக இல்லை. தொழில் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அது செல்லும், எடுத்து வாசியுங்கள். மேலாளருக்கு உடனே அறிவியுங்கள். தாமதத்துக்கான உறுதிப்பத்திரத்தைத் தொடருந்து நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே எடுக்கலாம்.

பயணச்சீட்டுப் பணம் வேறு விடயம். 2021 முதல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தாமதித்தால் கட்டணத்தின் 25 வீதத்தையும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் 50 வீதத்தையும் திருப்பிக் கேட்கலாம். தாமதத்தால் இரவின் கடைசி இணைப்பைத் தவறவிட்டால் நீங்களாக வாடகை வண்டி பிடித்துவிடாமல், முதலில் நிலையத்திலோ வண்டியிலோ உள்ள பணியாளரிடம் பேசுங்கள். வேறு வாகனத்துக்கோ தங்குமிடத்துக்கோ அவர்கள் ஒழுங்கு செய்ய வேண்டும். பற்றுச்சீட்டுகளை எறிய வேண்டாம். அறிவிப்புப் பலகையில் ‘அவுஸ்ஃபால்’ என்றிருந்தால் வண்டி இல்லை, ‘பான்எர்சாட்ஸ்’ என்றிருந்தால் பதில் பேருந்து நிலையத்துக்கு வெளியே நிற்கும். அப்பா அம்மாவுக்கு இந்த இரண்டு சொல்லையும் சொல்லிக் கொடுத்து வையுங்கள்.