மெக்சிகோ பூ, மலையாளத்து ஓணம், ஆலங்குளத்துத் தோட்டம்

மதுரைக்கு வடக்கே போய் "கேந்திப்பூ கிலோ என்ன விலை?"ன்னு கேட்டுப் பாருங்க. பூக்காரம்மா உங்களை ஏற இறங்கப் பார்ப்பாங்க. அங்கே அது செண்டுமல்லி. பழைய ஆட்கள் சிலர் துலுக்கச் சாமந்தின்னு சொல்வாங்க. எங்க ஆலங்குளம், பாவூர்சத்திரம், சுரண்டை பக்கமும், கீழே நாகர்கோவில் வரைக்கும் கேந்திதான். இந்திக்காரங்க இதே பூவை 'கேந்தா'ன்னு சொல்றாங்க. நடுவுல இருக்கிற இவ்வளவு பெரிய தமிழ்நாட்டைத் தாண்டி அந்தப் பேரு எப்படி எங்க ஊருக்கு வந்து உட்கார்ந்துச்சுன்னு யாராவது மொழி தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமாப் போகும் :-)

பேரை விடுங்க. ஊரே நமக்குச் சொந்தமில்லை. கேந்தியோட பூர்வீகம் மெக்சிகோ. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கி வச்சிருக்கார். எங்க தோட்டத்துப் பிச்சி அதில் பித்திகம்ங்கிற பேருல இருக்கு. கேந்தி இல்லை. எப்படி இருக்கும்? அது கடல் தாண்டி வரதுக்கு இன்னும் ஆயிரம் வருசத்துக்கு மேல பாக்கி இருந்துச்சே.

மெக்சிகோவில் இதுக்கு செம்பசூச்சில்னு பேரு. அங்குள்ள பழைய நாவாட்டில் மொழிச் சொல், 'இருபது பூ'ன்னு அர்த்தம். ஒரே பூவுக்குள்ள நிறைய இதழ் அடுக்கடுக்கா இருக்கிறதால அப்படி. வருசா வருசம் நவம்பர் 1, 2 தேதிகளில் செத்துப்போனவங்களுக்காகக் கொண்டாடுற பண்டிகைக்குக் கல்லறையெல்லாம் இந்தப் பூவைக் குவிப்பாங்க. இதோட நிறமும் மணமும் செத்தவங்களுக்கு வீட்டுக்கு வழி காட்டும்ங்கிறது அவங்க நம்பிக்கை. நம்ம ஊர்லயும் இறந்தவங்களுக்குப் போடுற மாலையில் கேந்தி உண்டு, சாமிக்கும் உண்டு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்த மாதிரி தெரியலை.

16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் இதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனாங்க. இந்தியாவுக்குப் போர்த்துகீசியர் மூலமா வந்துதுன்னு பொதுவாகச் சொல்லப்படுகிறது. மிளகாய், முந்திரி, பப்பாளி எல்லாம் வந்த அதே வழி. இதுல ஒரு வேடிக்கை. மெக்சிகோ பூவுக்கு இங்கிலீஷ்காரன் 'ஆப்பிரிக்கன் மேரிகோல்டு'ன்னு பேரு வச்சான். நம்ம ஆட்கள் துலுக்கச் சாமந்தின்னாங்க. யார் கையிலிருந்து வந்துதுன்னு நினைச்சாங்களோ அவங்க பேரு. வெளியூர்ச் சரக்குங்கிறது மட்டும் ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருந்திருக்கு.

கேந்தி மட்டுமில்ல, ஓணத்துக்குப் போற வாடாமல்லியும் அமெரிக்கக் கண்டத்துச் செடிதான். சம்பங்கியும் மெக்சிகோ. சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி மாசம் கேரளாக்காரங்க கார் போட்டு வந்து போட்டோ எடுக்கிற சூரியகாந்தியும் வட அமெரிக்காவில் பிறந்து, ரஷ்யாவில் எண்ணெய்ப் பயிரா வளர்ந்து, 1969-ல சோவியத் விதையா இந்தியாவுக்கு வந்தது. (1992-ல 'ரோஜா' படத்தை அந்த ஊர்ல எடுத்ததுக்கப்புறம் ஊருக்கே ஒரு மவுசு.) எங்க வட்டாரத்து வயக்காட்டை மேலேருந்து பார்த்து "ஆகா, என்ன ஒரு தமிழ் மண்"ணு உருகுறவங்க கவனிக்க.

இப்போ விஷயத்துக்கு வரேன். எங்க சித்தப்பாவுக்கு ஆலங்குளத்துக்கு மேற்கே ஒண்ணேகால் ஏக்கர் தோட்டம். எங்க பக்கம் தோட்டம்னா கிணத்துப் பாசனம்னு அர்த்தம். அதுல பாதி பிச்சி. மீதியில் கேந்தி, தக்காளி, மிளகாய்னு மாத்தி மாத்தி ஓடும். வெளிநாட்டுல பூ விவசாயம்னா நீளமான காம்போட வெட்டி, பூச்சாடிக்கு விக்கிறது. நம்ம ஊர்ல காம்புக்கு ஒரு மரியாதையும் கிடையாது. தலையை மட்டும் கிள்ளி, சாக்குல கட்டி, கிலோ கணக்குல எடை போட்டு அனுப்புறது. உதிரிப்பூ. பிச்சியைக் கருக்கல்லயே எடுத்தாகணும். கேந்தி அவ்வளவு ரோசமான பூ இல்லை, ரெண்டு மூணு நாள் தாங்கும். அதனாலதான் மலை தாண்டிப் போக அதால முடியுது.

அந்தத் தோட்டத்துச் சுவர்ல எப்பவும் ரெண்டு காலண்டர் தொங்கும். ஒண்ணு தமிழ் நாள்காட்டி, இன்னொண்ணு மலையாளக் காலண்டர். சித்தப்பாவுக்கு மலையாளம் ஒரு எழுத்து தெரியாது. நான் புனலூர், கொல்லம் பக்கம் போறேன்னு தெரிஞ்சா, "ஏல, அடுத்த வருசத்துக் காலண்டர் வந்திருந்தா ஒண்ணு வாங்கிட்டு வா, அத்தம் என்னைக்குன்னு பாக்கணும்"பாவ.

காரணம் இதுதான். அத்தம் நட்சத்திரத்தில் ஆரம்பிச்சு திருவோணம் வரைக்கும் பத்து நாள் கேரளாவில் வாசல்ல பூக்களம் போடுவாங்க. கேந்தி விதை நாற்றாக 25, 30 நாள். பிடுங்கி நட்டு 55, 60 நாள்ல பூ. ஆக அத்தத்திலிருந்து பின்னாடி மூணு மாசம் எண்ணி விதை போடணும். திருவோணமோ நிலையா நிக்காது. 2021-ல ஆகஸ்ட் 21. 2024-ல செப்டம்பர் 15. கிட்டத்தட்ட நாலு வார வித்தியாசம். 2021 மாதிரி வருசத்துக்கு மே மாசம் நடுவிலேயே, அக்கினி நட்சத்திர வெயில்ல நாற்றங்காலுக்குத் தண்ணி ஊத்தணும். 2024 மாதிரின்னா ஜூன்ல விதைச்சாப் போதும். நட்ட ஒரு மாசத்தில் கொழுந்தைக் கிள்ளி விட்டா பக்கக் கிளை வெடிச்சுப் பூ அதிகம் வரும், ஆனா முதல் பூ கொஞ்சம் தள்ளிப் போகும். கிள்ளலாமா வேண்டாமாங்கிறதே காலண்டரைப் பார்த்து எடுக்கிற முடிவு.

இதுக்கு நடுவுல காத்து. ஆரியங்காவுக் கணவாய் வழியா ஆனி, ஆடியில் வர்ற காத்து எங்க ஊரை உலுக்கி எடுத்துரும். குற்றாலத்துச் சாரலை மத்தவங்க அனுபவிப்பாங்க, எங்களுக்குக் காத்துதான் மிச்சம். சும்மாவா இவ்வளவு காற்றாலை நிக்குது! மண் அணைக்காத கேந்திச் செடி ஒரு ராத்திரியில் படுத்துரும்.

மலையாளக் காலண்டர் எங்க ஊருக்கு அந்நியமும் இல்லை. கி.பி. 825-ல தொடங்குற கொல்லம் ஆண்டைத் திருநெல்வேலிச் சீமையிலும் புழங்கியிருக்காங்க, பழைய ஓலைகளில் பார்க்கலாம். ஓணமும் அப்படித்தான். மதுரைக்காஞ்சியில் பாண்டியன் ஊர்லயே ஓண விழா நடந்த செய்தி இருக்கு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவாங்கூர்க்காரங்க ஊர், மாநிலம் பிரிச்சப்பதான் இந்தப் பக்கம் வந்துச்சு. பூச்சந்தைக்குப் பேர் போன தோவாளையும் அன்னைக்குத்தான் நம்ம மாநிலமாச்சு. 1904-லேயே செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைஞ்சு புனலூருக்கு ரயில் ஓடியிருக்கு. ஆக மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுக்கல் வாங்கல் பழசு.

ஆனா அத்தப்பூவுக்குப் பூவை விலை கொடுத்து வாங்குறது பழசில்லை. முன்னாடியெல்லாம் பிள்ளைங்க விடியக்காலையில் கூடையைத் தூக்கிட்டுப் போய் வேலியோரம், வரப்போரம் பறிச்சுட்டு வர்ற பூதான். தும்பை, முக்குற்றி, காக்கப்பூ, தெச்சி, செம்பருத்தி. தும்பை இல்லாத பூக்களம் பூக்களமே இல்லைன்னு ஒரு காலம். அப்புறம் வயல் வரப்பு குறைஞ்சுது, ரப்பரும் வீடும் கூடிச்சு. அலுவலகம், காலேஜ், கிளப்புன்னு போட்டிப் பூக்களம் வந்துச்சு. பத்தடி வட்டத்தைத் தும்பைப் பூவால எப்ப நிரப்புறது? பெருசா, மொத்தையா, நிறம் அடிக்கிற பூ வேணும். மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் கேந்தி, ஊதாவுக்கு வாடாமல்லி, சிவப்புக்குக் கோழிக்கொண்டை. தோவாளை, சங்கரன்கோவில், பாவூர்சத்திரம் பக்கத்து சிவகாமிபுரம், கொங்கு நாட்டில் சத்தியமங்கலம், கர்நாடகத்தில் குண்டல்பேட்டைன்னு மலையைச் சுத்தி இருக்கிற சந்தையெல்லாம் ஆவணியில் மேற்கே பார்த்துத் திரும்பினது இப்படித்தான். எங்க பக்கத்துச் சரக்கு புளியரை வழியா ராத்திரியோட ராத்திரியா மலை ஏறும்.

இந்த வியாபாரத்தோட பலவீனம் 2018-ல வெட்ட வெளிச்சமாச்சு. ஆகஸ்ட் நடுவுல கேரளாவை வெள்ளம் முழுங்கிச்சு. திருவோணம் ஆகஸ்ட் 25. அரசு ஓணக் கொண்டாட்டத்தை ரத்து பண்ணிட்டு, பணத்தை நிவாரணத்துக்குத் திருப்பினாங்க. சரியான முடிவு, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. நானூறுக்கு மேல உயிர் போயிருக்கு, பூக்களமா பெருசு? ஆனா செடிக்கு அது தெரியாதே. மூணு மாசத்துக்கு முன்னாடி எண்ணி விதைச்ச எண்ணிக்கைப்படி, சரியா அத்தத்துக்கு மொத்தத் தோட்டமும் பூத்து நின்னுச்சு. பறிக்கிற கூலிக்குக்கூட விலை இல்லை. சித்தப்பா மாட்டை அவுத்து விட்டாவ, மிச்சத்தை மடக்கி உழுதாவ. "அங்க ஆளே போயிருக்கு, நாம பூவைப் பத்திப் பேசப்பிடாது"ன்னு சொன்னதோட சரி.

2019-ல மறுபடி ஆகஸ்ட்ல வெள்ளம். 2020-ல கொரோனா. வெளி மாநிலத்துப் பூ வேண்டாம், வீட்டைச் சுத்தி இருக்கிறதை வச்சுப் பூக்களம் போடுங்கன்னு கேரள முதல்வரே கேட்டுக்கிட்டார். 2021-லயும் கூட்டம் கூடத் தடை. நாலு வருசம் தொடர்ந்து அடி. 2024 ஜூலை 30-ல வயநாட்டு நிலச்சரிவு, அந்த வருசமும் அரசு ஓணம் வாரக் கொண்டாட்டம் கிடையாது. ஆலங்குளத்து விவசாயிக்கு இங்கே மழை பெய்யுதான்னு பார்க்கிறதோட வேலை முடியலை, மலைக்கு அந்தப் பக்கம் அதிகமாப் பெய்யக்கூடாதேன்னும் கும்பிடணும். பயிர்க் காப்பீட்டுல இதுக்கு எந்தக் கட்டத்துல டிக் அடிக்கிறது?

அடுத்தது கேரளாவே கேந்தி போட ஆரம்பிச்சது. 1998-ல தொடங்கின குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் ஓணத்துக்குன்னே கேந்தியும் வாடாமல்லியும் போடுறாங்க. டீக்கடையில் இதைப் பத்திப் பேசினா, "நம்ம பொழப்புல மண்ணு"ன்னு ஒரே புலம்பல். எனக்கு அதுல உடன்பாடில்லை. அவங்களும் குழுவாச் சேர்ந்து துண்டு நிலத்தில் பாடுபடுற பெண்கள்தானே. அவங்க ஊர்ப் பண்டிகைக்கு அவங்க பூ. நாம என்ன எழுதியா வாங்கியிருக்கோம்? மூணு மாசப் பாட்டை அடுத்த ஊரோட பத்து நாளை நம்பி வைக்கிறதுதான் கோளாறு. மெக்சிகோவில் புவெப்லாக்காரங்களும் நவம்பர் ரெண்டு நாளை நம்பித்தான் வயல் வயலா செம்பசூச்சில் போடுறாங்க. ஆனா அது அவங்க சொந்தப் பண்டிகை.

சித்தப்பா 2018-க்கு அப்புறம் கேந்தியை விடலை, அளவைக் குறைச்சாவ. முப்பது சென்ட்தான். அதுவும் ஓணத்தோட முடியாம, ஆயுதபூஜை வரைக்கும் பறிக்கிற மாதிரி ரெண்டு தடவையாப் பிரிச்சு நடுறாவ. திருவோணம் பிந்தி வர்ற வருசம் இதுக்குத் தோது. 2024-ல ஓணம் முடிஞ்சு ஆயுதபூஜைக்கு நாலு வாரம்கூட இல்லை, அதே செடி ரெண்டு பண்டிகைக்கும் பூ கொடுத்துச்சு. 2023-ல ஓணம் ஆகஸ்ட் 29, ஆயுதபூஜை அக்டோபர் 23. எட்டு வாரம் செடி தாங்காது, கிழடு தட்டிரும்.

பூ விக்காட்டாலும் கேந்தியால மண்ணுக்கு ஒரு லாபம் உண்டு. அதோட வேர்ல இருந்து ஆல்ஃபா டெர்தைனில்னு ஒரு சரக்கு கசியும். வேரில் முடிச்சு விழவைக்கிற நூற்புழுவுக்கு அது ஆகாது. அதனால கேந்தி இருந்த இடத்துல அடுத்தது தக்காளி. பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இன்னொண்ணும் கண்டுபிடிச்சுச் சொல்லியிருக்கு. 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை கேந்தி நட்டா, காய்ப்புழுவோட அந்துப்பூச்சி தக்காளியை விட்டுட்டுக் கேந்தி மொட்டுல போய் முட்டையிடும். தக்காளி நாற்று 25 நாளுதுன்னா கேந்தி நாற்று 45 நாளுதா இருக்கணும், அப்பத்தான் ரெண்டும் சேர்ந்து பூக்கும். சித்தப்பா இதைச் செய்றாவ, மருந்தடிப்பு பாதியாக் குறைஞ்சிருக்கு. மெக்சிகோக்காரங்களைக் கேட்டா, தக்காளியும் எங்க ஊருதுதான், ரெண்டும் பழைய சேக்காளின்னு சொல்வாங்க :-)

விதைதான் இப்ப பிரச்சினை. முன்னாடி நல்ல பூவாப் பார்த்துச் செடியிலேயே காய விட்டு, உதிர்த்து, துணியில முடிஞ்சு வைப்பாங்க. இப்போ கமிஷன் கடைக்காரர் கேட்கிறது பந்து மாதிரி இருக்கிற ஹைபிரிட். நர்சரியில் குழித்தட்டுல நாற்றாகவே வாங்கணும், அதுல விதை எடுத்துப் போட்டா அடுத்த தலைமுறை தாய் மாதிரி வராது, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு நிக்கும். நாட்டுக் கேந்தி சின்னது, எடை நிக்காது, ஆனா காத்துக்குச் சாயாது. சித்தப்பா முப்பது சென்ட்டுக்கும் ஹைபிரிட்தான் போடுறாவ. வரப்போரத்துல மட்டும் ரெண்டு வரிசை நாட்டுக் கேந்தி நிக்குது. அதை யாருக்கும் விக்கிறதில்லை. எங்க அம்மன் கோயில் கொடைக்குப் போகும், மிச்சம் காஞ்சு விதையாகும்.