பழவேற்காட்டுக் கத்ரைன்

பிரெஞ்சுச் சரித்திரப் படங்களில் தடைசெய்யப்பட்ட காதல் பெரும்பாலும் பிரபு வீட்டு விவகாரம். குடும்ப மானம் குறுக்கே நிற்கும். பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காட்டில் குறுக்கே நின்றது ஒரு வணிகக் கம்பெனி. 1613-இல் ஒல்லாந்தர் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போகும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்துக்கு இதுவே தலைநகர். துணிமூட்டைகளோடு அடிமைகளும் இங்கிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். கம்பெனி ஊழியன் கல்யாணம் செய்துகொள்ள மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும். கம்பெனியின் ஆசியத் தலைமையிடமான பத்தாவியாவில் 1642-இல் தொகுத்த சட்டப்படி கிறிஸ்தவன் கிறிஸ்தவரல்லாத பெண்ணை மணக்க முடியாது. இவை ஒழுக்கத்தைக் காக்க வந்த சட்டங்கள் என்று நான் நம்பவில்லை. ஆணின் ஆசையை அவை தடுக்கவுமில்லை. மனைவி என்ற நிலையையும் அதோடு வரும் வாரிசுரிமையையும் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தைத்தான் கம்பெனி தன் கையில் வைத்துக்கொண்டது.

ஒல்லாந்தர் ஆவணங்களில் பழவேற்காட்டின் பெயரோடு பதிவான கத்ரைன் என்ற பெண்ணின் வழக்கு இதைக் காட்டுகிறது. பத்தாவியாவில் அடிமையாக இருந்தவள். அவளுடைய காதலன், மலபாரைச் சேர்ந்த இன்னோர் அடிமை, சண்டையில் அவள் கையால் இறந்தான். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டு, 1657-இல் ஆப்பிரிக்காவின் தென்முனைக்கு அருகிலுள்ள கேப்புக்கு அனுப்பப்பட்டாள். அங்கே தளபதி வீட்டுத் துணி துவைத்தாள். ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்ற சிப்பாய் காவல் நேரத்தில் அவளோடு இருந்து பிடிபட்டு, ராபன் தீவுக்குத் தள்ளப்பட்டான். அவர்களுடைய மகனுக்கு 1669-இல் ஞானஸ்நானம் நடந்தது.

சிப்பாய்க்கும் அடிமைப் பெண்ணுக்கும் நடந்ததைக் காதல் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மறுக்க முடியாத நிலையில் இருப்பவளின் சம்மதத்தை எந்த ஆவணமும் நிரூபிக்காது. ஆனால் சிப்பாயைத் தண்டித்த நீதிமன்றத்துக்கும் அந்தக் கேள்வி எழவில்லை. அங்கே பெரிதாகப்பட்டது காவலை விட்டு விலகிய குற்றம். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் குலச்சின்னம் பொறித்த பலகைகளோடு மனைவிமாரும் அடக்கமாகியிருக்கிறார்களே என்பது இன்னொரு மறுப்பு. அந்தச் செதுக்கு வேலைக்குப் பணமும் பதவியும் வேண்டியிருந்தது. அனுமதி பெற்ற குடும்பங்களின் சாட்சிதான் அது. உள்ளூர்ச் சாதிக் கட்டுப்பாடும் இப்படிப்பட்ட உறவுகளுக்கு இடம் கொடுத்திருக்காது என்பது உண்மை. அதனாலேயே வெளியே வந்துவிட்ட பெண்ணுக்குக் கம்பெனியின் தயவைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போனது.

கத்ரைனுக்கும் கடைசியில் தயவு கிடைத்தது. 1671 வாக்கில் அவள் மன்னிக்கப்பட்டு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட வங்காளத்து அந்தோணியை முறைப்படி மணந்தாள். மகனோ சிப்பாயின் பெயரையே சுமந்து வளர்ந்தான். மத ஒடுக்குமுறையிலிருந்து தப்பி வந்த ஹூகனாட் (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு) குடும்பத்துப் பெண்ணை மணந்தான். தென்னாப்பிரிக்காவின் ஸ்னைமன் குடும்பத்தார் தங்கள் வம்சத்தை இந்த மகனிடமிருந்துதான் கணக்கிடுகிறார்கள்.