சிறு உருப்படியின் பெரும் பணி

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ இசை பயிலும் மாணவரே, "கீர்த்தனை எப்போது?" என்று பொறுமை இழக்கிறீர்களா? 16-ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்படும் முறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சரளி வரிசையில் சுரங்கள் அடுத்தடுத்து வரும். ஜண்டை வரிசையில் இரட்டிக்கும். தாட்டு வரிசையில் தாவும். பின்பு சிறு கீதத்தில் பயிற்சியே பாட்டாகிறது.

மரக்கட்டைகளைக் கோல்களால் தட்டி வாசிக்கும் மரிம்பாவுக்கும் இவ்வழியே ஏற்றது. அதில் தாழ்ந்த சுரத்தின் கட்டை அகலமானது. உயர்ந்த சுரத்தினது குறுகியது. ஆகவே ஒரே அளவு தாவலுக்கும் கை செல்லும் தூரம் இடத்துக்கு இடம் மாறும். 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் 100 மரிம்பாக்கள் கொண்ட குழுவை நடத்திய கிளேர் ஓமர் மியூசர், சிறு பயிற்சி உருப்படிகளும் எழுதினார். அவை இன்றும் மாணவர் கையைப் பழக்குகின்றன.

ஓர் உருப்படியில் ஒரு சிக்கலைத் தீர்த்தால், கீர்த்தனைக்கு ஒரு படி நெருங்கிவிட்டீர்கள்.