மனித வாசனையைக் கொசு கண்டறிவது எப்படி? பூச்சிகளின் வாசனை ஏற்பி மரபணுக்கள் கடந்து வந்த பாதை

டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா ஆகிய நோய்களைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு, பிற விலங்குகளைவிட மனிதர்களையே அதிகம் நாடி வருகிறது. இதற்கு, அதன் உணர்கொம்புகளில் உள்ள வாசனை ஏற்பிப் புரதங்களும் அவற்றை உருவாக்கும் மரபணுக்களில் காலப்போக்கில் நிகழ்ந்த மாற்றங்களும் முக்கியக் காரணங்களாக உள்ளன. அம்மரபணுக்களின் பரிணாமம் குறித்த விவரங்கள் வருமாறு:

தனித்துத் தோன்றிய மரபணுக்கள்

பாலூட்டிகளின் வாசனை ஏற்பி மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் ஆகியோர் 1991-ஆம் ஆண்டில் எலிகளில் கண்டறிந்தனர். இதற்காக அவர்களுக்கு 2004-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால், அவற்றை ஒத்த மரபணுக்களைப் பூச்சிகளில் தேடிய முயற்சிகள் பலனளிக்கவில்லை. 1999-ஆம் ஆண்டில்தான் பழ ஈயின் வாசனை ஏற்பி மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. அவை பாலூட்டிகளின் மரபணுக்களுடன் தொடர்பற்ற தனிக் குடும்பம் என்பது தெரியவந்தது.

இவ்வேற்பிகள் செயல்படும் முறையும் வேறானது. வாசனை மூலக்கூறு வந்து இணைந்ததும், மின்னேற்றம் கொண்ட அயனிகள் நரம்புச் செல்லுக்குள் நுழையும் வாயிலாக ஏற்பியே திறந்துகொள்கிறது. இது 2008-ஆம் ஆண்டில் உறுதி செய்யப்பட்டது. பெரும்பாலான பூச்சிகளில் ஒவ்வோர் ஏற்பியும் 'ஆர்க்கோ' எனப்படும் பொதுவான துணைப் புரதத்துடன் இணைந்தே இயங்குகிறது.

சுவையிலிருந்து வாசனைக்கு

பூச்சிகளின் வாசனை ஏற்பிகள், அவற்றைவிடப் பழைமையான சுவை ஏற்பிக் குடும்பத்திலிருந்து கிளைத்தவை. இறக்கைகள் தோன்றிய காலத்தில்தான் இவை உருவாகியிருக்க வேண்டும் என்ற கருத்து 2014-ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. ஆனால், இறக்கையற்ற தொன்மையான பூச்சியினங்களிலும் இம்மரபணுக்கள் இருப்பதை 2018-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது.

அத்தகைய பூச்சிகளுள் ஒன்றான மக்கிலிஸ் ஹ்ரபேயிக்கு ஐந்து வாசனை ஏற்பிகள் மட்டுமே உள்ளன. ஆர்க்கோ புரதம் இல்லை. அவ்வைந்தில் ஒன்றின் வடிவத்தை அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால், கொசு விரட்டிகளில் பயன்படும் 'டீட்' ஆகிய இரு வேறு வேதிப்பொருள்களும் அந்த ஏற்பியின் ஒரே குழிவில் பொருந்துவதை அவர்கள் கண்டறிந்தனர். ஓர் ஏற்பி பல வாசனைகளை உணர்வது எவ்வாறு என்பதற்கு இது விளக்கம் அளித்தது.

பெருகுதலும் அழிதலும்

ஒரு மரபணு நகலெடுக்கப்பட்டு இரண்டாகும்போது, ஒரு நகல் பழைய பணியைத் தொடர, மற்றது மாற்றமடைந்து புதிய வாசனையை உணரக்கூடும். தேவையற்றுப்போன மரபணுக்கள் செயலிழந்து மறைகின்றன. இதனால் இவற்றின் எண்ணிக்கை இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுகிறது. மனிதரின் உடலிலும் உடையிலுமே வாழும் உடல் பேனுக்குச் சுமார் 10, பழ ஈக்கு 60, ஆப்பிரிக்க மலேரியா கொசுவான அனோபிலிஸ் காம்பியேவுக்கு 79, தேனீக்குச் சுமார் 170 என இவை அமைந்துள்ளன. கூட்டமாக வாழும் எறும்பினங்கள் சிலவற்றில் இவை 300-ஐத் தாண்டுகின்றன. கூட்டாளிகளையும் அந்நியர்களையும் உடல் வாசனையைக் கொண்டே எறும்புகள் பிரித்தறிகின்றன. ஆர்க்கோ மரபணு நீக்கப்பட்ட எறும்புகள் கூட்டு வாழ்க்கைக்குரிய நடத்தையை இழந்ததை 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

மனிதரை நாடும் கொசு

கென்யாவின் ரபாய் பகுதியில், காட்டில் வாழ்ந்து விலங்குகளைக் கடிக்கும் ஏடிஸ் கொசுக்களும், வீடுகளை அண்டி மனிதரைக் கடிக்கும் கொசுக்களும் அருகருகே காணப்பட்டன. இவ்விரு வகைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2014-ஆம் ஆண்டில் வெளியானது. மனித உடல் வாசனையில் மிகுந்து காணப்படும் சல்கடோன் என்ற வேதிப்பொருளை உணரும் 'ஓஆர்4' ஏற்பி, மனிதரை நாடும் கொசுக்களில் அதிக அளவிலும் கூடுதல் உணர்திறனுடனும் இருப்பதை அது கண்டறிந்தது.

எனினும், ஒரு மரபணுவை முடக்குவதால் மட்டும் கொசுக்கடியைத் தடுத்துவிட இயலாது. ஆர்க்கோ மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட ஏடிஸ் கொசுக்கள், மனிதரையும் பிற விலங்கையும் பிரித்தறிவதில் தடுமாறின. ஆயினும், கரியமில வாயு இருந்தபோது அவை மனிதரைத் தேடி வந்தன என 2013-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது. மூச்சில் வெளியேறும் அவ்வாயுவைக் கொசுக்கள் சுவை ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்த புரதங்களாலும், வியர்வையிலுள்ள அமிலங்களை மற்றொரு பழைமையான ஏற்பிக் குடும்பத்தாலும் உணர்வதே இதற்குக் காரணம்.

எனவே, புதிய கொசு விரட்டிகளை உருவாக்குவோர் இவ்வழிகள் அனைத்தையும் கருத்தில் கொள்ள வேண்டியுள்ளது. வயல்களில் பயிர்ப் பூச்சிகளைப் பிடிக்க விவசாயிகள் பயன்படுத்தும் இனக்கவர்ச்சிப் பொறிகளும் இதே வாசனை உணர்வின் அடிப்படையிலேயே செயல்படுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.